அவ்வா சொன்ன கதையும் கி.ரா. எழுதிய வரலாறும்

ரொம்ப நாளாயிற்று எழுதி. கண் ஆபரேஷன் முடிந்து இப்போதுதான் போனைப் பார்க்க டாக்டர் அனுமதித்தார். இது கொஞ்சம் நீளமான பதிவு. ஓய்வாக இருக்கும்போது வாசியுங்கள்.

போன மாதம் என் பேத்தி டப்ளினிலிருந்து பேசினாள். அயர்லாந்தில் என் மகன் குடும்பம் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். அங்கே பள்ளிக்கூடத்தில் ஒரு கதைப் புத்தகம் வாசிக்கிறார்களாம். மரிட்டா கான்லன் மெக்கென்னா என்ற அம்மா 1990இல் எழுதியது. 1845இல் அங்கே உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து பெரும் பஞ்சம் வந்தது. பத்து லட்சம் பேர் செத்தார்கள், ஏறக்குறைய அதே அளவு பேர் கப்பலேறி ஊரைவிட்டுப் போனார்கள். அந்தப் பஞ்ச காலத்தில் மூன்று பிள்ளைகள், பெரிய பாட்டிமார் வீட்டைத் தேடி நாடு முழுக்க நடந்தே போகிற கதை. என் பேத்தி கதையைச் சொல்லி முடித்துவிட்டுக் கேட்டாள்:

"அவ்வா, நம்ம ஆளுங்களும் எங்கிருந்தோ நடந்துதான் வந்தாங்களாமே, அப்பா சொன்னாங்க. எந்த ஊர்லருந்து வந்தாங்க?"

முப்பத்து நாலு வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவள் நான். பானிபட் போர் எந்த வருஷம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் பேத்தியின் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாமல் போனதற்குக் காரணமும் நான்தான். அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம். அது ஆந்திராக்காரர்கள் கேட்டால் சிரிக்கிற தெலுங்கு, பாதி தமிழ். எழுதத் தெரியாது, வாசிக்கத் தெரியாது. வாசல்படி தாண்டினால் தமிழ். விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டிப் பக்கம் இப்படி எத்தனையோ வீடுகள். பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மன் வீட்டிலும் தெலுங்குதான் பேசினார்கள். அவரைப் பற்றி ஊர் ஊராகப் பாடிய கதைப்பாடல்கள் தமிழில் இருக்கின்றன. நமக்கு இது அதிசயமாகத் தெரிவதில்லை.

என் அப்பாவைப் பெற்ற அவ்வா, ராத்திரி கம்பங்கஞ்சி குடித்துவிட்டு வாசலில் உட்கார்ந்து ஒரு கதை சொல்வாள். நம்ம வீட்டுப் பெண் ஒருத்தி பேரழகி. அந்த நாட்டு ராஜா அவளைக் கேட்டு ஆள் அனுப்பினான். கொடுக்க மனசில்லை. ராத்திரியோடு ராத்திரியாக மொத்தக் குடும்பமும் கிளம்பிவிட்டது. பின்னால் குதிரைப்படை. முன்னால் ஆறு இரு கரையும் தொட்டுப் போகிறது. பெண் கும்பிட்டாள். அக்கரையில் நின்ற புங்கமரம் அப்படியே வளைந்து வந்து பாலம் போட்டது. எல்லோரும் ஏறிக் கடந்ததும் மரம் நிமிர்ந்துகொண்டது.

இதில் அவ்வா ஒரு விஷயம் தவறாமல் சொல்வாள். புறப்படும்போது மாடுகளை எல்லாம் கயிற்றை அறுத்து அவிழ்த்துவிட்டார்களாம். கட்டிப்போட்டுவிட்டு வந்தால் தண்ணீர் இல்லாமல் செத்துப்போகும் என்று. ஒரு சினைமாடு மட்டும் ஆறுவரைக்கும் பின்னாலேயே வந்ததாம். அந்த இடம் வரும்போது அவ்வாவுக்குத் தொண்டை அடைக்கும், என்னவோ தன் கண்ணால் பார்த்த மாதிரி.

எந்த ஊரிலிருந்து கிளம்பினார்கள் என்ற பெயரையும் அவ்வா சொல்வாள்.

நான் ஆசிரியர் பயிற்சி முடித்து வீட்டுக்கு வந்த புதிது. 1980. தலையில் கனம். ஒருநாள் அவ்வா சின்னப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் குறுக்கிட்டேன். "மரம் எங்கயாவது வளையுமா அவ்வா? எந்த ராஜா? எந்த வருஷம்? இதெல்லாம் வரலாறு இல்ல, கட்டுக்கதை. பிள்ளைகளுக்குப் பொய் சொல்லிக்கொடுக்காத." அவ்வா என்னைத் திட்டவில்லை. "நீ படிச்சவ, உனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள். அதற்குப் பிறகு நான் வீட்டில் இருக்கும்போது அவள் அந்தக் கதையைச் சொன்னதில்லை. 1984இல் இறந்துபோனாள். அந்த ஊர்ப் பெயர் எனக்கு மறந்துபோனது. கேட்டவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்கள் நானும் என் தம்பியும்தான். அவனுக்கும் ஞாபகம் இல்லை.

இனி கி.ரா.வுக்கு வருகிறேன்.

1991ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்குக் கிடைத்தது. எழுதியவர் கி. ராஜநாராயணன். கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி போகிற சாலையில் இடைசெவல் இருக்கிறதே, அந்த ஊர்க்காரர். நம் பக்கத்து ஆளுக்கு விருதா என்று ஆச்சரியப்பட்டு, கிளை நூலகத்தில் தேடினேன். அந்தப் புத்தகம் வெளியே போயிருந்தது. அதற்கு முந்தைய நாவல், 1976இல் வந்த 'கோபல்ல கிராமம்' கிடைத்தது.

வாசிக்க ஆரம்பித்தேன். ஒரு பாட்டி உட்கார்ந்து கதை சொல்கிறாள். வயது 137. பெயர் மங்கத்தாயாரு அம்மாள். தெலுங்கு தேசத்தில் சென்னாதேவி என்ற அழகி. ஒரு ராஜா ஆசைப்படுகிறான். குடும்பம் தப்பி ஓடுகிறது. ஆறு குறுக்கே வருகிறது. ஒரு மரம் வளைந்து கொடுக்கிறது.

புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். என் அவ்வாவை நான் வாயடைத்த கதையை, இன்னொருவர் உட்கார்ந்து கேட்டு, மரியாதையோடு எழுதி, அது அச்சில் வந்து, பதினைந்து வருஷமும் ஆகிவிட்டது. அன்று ராத்திரியே முழுவதும் வாசித்து முடித்தேன். வந்த சனங்கள் முள்ளுக் காட்டுக்குத் தீ வைத்து நிலமாக்கியது, ஊர் உண்டானது, கோட்டையார் வீடு, ஊராருக்கு வைத்த பட்டப்பெயர்கள், கும்பினி ஆட்சி போய் விக்டோரியா ராணியின் ஆட்சி வரும் காலம்வரை நாவல் போகிறது. அடுத்த பாகமான 'கோபல்லபுரத்து மக்கள்' ஆனந்த விகடனில் தொடராக வந்தது. அது சுதந்திரப் போராட்டக் காலம்வரை வருகிறது. மூன்றாவது 'அந்தமான் நாயக்கர்'.

கி.ரா.வைப் பற்றித் தெரியாத இளம்பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். அவர் வீட்டிலும் தெலுங்கு, எழுதியது தமிழில். பள்ளிப்படிப்பு எட்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. மழைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினேன், அப்போதும் பாடத்தைக் கவனிக்காமல் மழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்ற பொருளில் அவரே வேடிக்கையாகச் சொல்வார். சம்சாரி. கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்து விவசாயிகள் போராட்டத்தில் சிறைக்கும் போனவர். முப்பத்தைந்து வயது தாண்டித்தான் எழுத வந்தார். அதே இடைசெவலில், அதே தெலுங்கு பேசும் வீட்டில், சேர்ந்து வளர்ந்த கூட்டாளி கு. அழகிரிசாமி. அவருக்கும் சாகித்திய அகாதெமி விருது, 1970இல், இறந்த பிறகு. ஒரே சின்னக் கிராமம், இரண்டு நண்பர்கள், இரண்டு பேருக்கும் வீட்டுமொழி வேறு, இரண்டு பேருக்கும் தமிழுக்கான விருது. நம் விளாத்திகுளம் சுவாமிகளின் சங்கீதத்தில் இருவருக்கும் பெரிய மயக்கம் உண்டு.

எட்டாம் வகுப்புத் தாண்டாத அவரைப் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1989இல் நாட்டுப்புறவியல் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. 2021 மே 17 அன்று, கொரோனா ஊரடங்கு நேரத்தில், நூறை நெருங்கிய வயதில் புதுச்சேரியில் காலமானார். இடைசெவலுக்குக் கொண்டுவந்து அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது. இப்போது கோவில்பட்டியில் அவருக்கு நினைவரங்கம் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

சரி, ஒரு வாத்தியாராக எனக்கு நானே கேட்டுக்கொண்ட கேள்விக்கு வருகிறேன். 'கோபல்ல கிராமம்' வரலாறா, கதையா?

வரலாற்றுக் கதை என்றால் நம் தலைமுறைக்குக் கல்கிதான். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. அதில் ராஜராஜ சோழன் இருக்கிறார், கல்வெட்டு இருக்கிறது, செப்பேடு இருக்கிறது. நம் கரிசலுக்கு யார் செப்பேடு வெட்டினார்கள்? கம்பும் சோளமும் பருத்தியும் விதைத்த சனங்களைப் பற்றி யார் கல்லில் எழுதினார்கள்? அவர்களைப் பற்றி இருப்பதெல்லாம் வரிக்கணக்கும், கிழவிகளின் வாயும்தான். கி.ரா. கிழவியின் வாயைப் பிடித்துக்கொண்டார். பின்னால் கோவில்பட்டிப் பக்கத்து ஆண்டிபட்டிக்காரரான பூமணி, 1895 கழுகுமலைக் கலவரத்தையும் 1899 சிவகாசிக் கலவரத்தையும் வைத்து 'அஞ்ஞாடி' எழுதினார். அதற்கும் 2014இல் அகாதெமி விருது. அவர் அந்தக் காலத்து ஆவணங்களையும் துருவிப் பார்த்தவர். இரண்டும் இரண்டு வழி. கரிசல் சனங்களின் வரலாற்றுக்கு இரண்டும் வேண்டும்.

உறுதியாகத் தெரிந்த வரலாறு என்ன? பதினான்காம் நூற்றாண்டில் விஜயநகரப் படை மதுரை வரைக்கும் வந்தது. 1529 வாக்கில் மதுரையில் நாயக்கர் ஆட்சி ஏற்பட்டு 1736 வரை நீடித்தது. பாளையங்கள் பிரிக்கப்பட்டன. படையோடு வந்தவர்கள் உண்டு, படைக்குப் பின்னால் நிலம் தேடி வந்தவர்கள் உண்டு. தாமிரவருணிக் கரையில் நெல் விளையும் பூமியை ஏற்கெனவே ஆட்கள் வைத்திருந்தார்கள். மிச்சம் இருந்தது வடக்கேயும் கிழக்கேயும் கிடந்த கரிசல். கரிசல் மண்ணில் மானாவாரி விவசாயம் செய்யத் தெரிந்தவர்கள் அதில் குடியேறினார்கள். இது ஒரே ராத்திரியில் நடந்ததல்ல. பல தலைமுறையாக, கூட்டம் கூட்டமாக நடந்தது.

அப்படியானால் அந்த அழகியும் ராஜாவும்? இதைக் கொஞ்சம் கவனமாக வாசியுங்கள். நம் பக்கத்தில் கதை சொல்பவர்கள் அந்த ராஜாவை 'துலுக்க ராஜா' என்பார்கள். நாவலிலும் அப்படித்தான். இதை வைத்து இன்று யாராவது உங்களிடம் பக்கத்து வீட்டுக்காரரைக் காட்டிப் பகை மூட்டினால், இந்த டீச்சர் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். இதே கதையைச் செட்டிநாட்டு நகரத்தாரும் சொல்கிறார்கள். அங்கே பெண்களுக்குக் கேடு செய்தவன் காவிரிப்பூம்பட்டினத்துச் சோழ ராஜா. ராஜஸ்தானில் ஜைசல்மேர் பக்கம் குல்தரா என்று ஒரு பாழடைந்த கிராமம். பெண் கேட்ட திவானுக்குப் பயந்து ஒரே ராத்திரியில் ஊரையே காலிசெய்தார்கள் என்பது அங்கே வழங்கும் கதை. அந்தத் திவான் சாலிம் சிங், முஸ்லிம் இல்லை. தண்ணீர் வற்றிப்போனதுதான் ஊர் காலியானதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர்களின் கருத்து.

ஊரைவிட்டுக் கிளம்பிய சனங்கள் எங்கேயும் பஞ்சம், வரி, சண்டை, தண்ணீர் இல்லாமை என்று காரணத்தை வரிசையாகச் சொல்வதில்லை. மானத்துக்காகக் கிளம்பினோம் என்றுதான் பேரப்பிள்ளைகளிடம் சொல்கிறார்கள். சோற்றுக்கு வழியில்லாமல் வந்தோம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? ஆகவே அந்த ராஜாவின் பெயரைத் தேடி அலைய வேண்டாம் என்பது என் எண்ணம். அவிழ்த்துவிட்ட மாடுகளை நம்பலாம். மாட்டைக் கட்டிப்போட்டு வர மனசு வராத சனங்கள் நாம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? 1980இல் இது எனக்குத் தெரியவில்லை. மரம் வளையுமா என்று கேட்கத் தெரிந்தது. மாட்டைப் பற்றிக் கேட்கத் தெரியவில்லை.

இன்னொரு விஷயமும் சொல்லியாக வேண்டும். இது என் மாணவர்களுக்கு.

1987. விளாத்திகுளம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஐந்தாம் வகுப்புக்கு 'என் குடும்பம்' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு பையன் எழுதியிருந்தான்: "எங்க அப்பா தினமும் காட்டுக்குப் போவார்." நான் சிவப்பு மையால் 'காட்டுக்கு' என்பதை அடித்து, 'வயலுக்கு' என்று திருத்தினேன். போதாததற்கு வகுப்பில் எல்லோர் முன்னாலும், "உங்க அப்பா என்ன காட்டுல புலி வேட்டையாடவா போறார்?" என்று கேட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான்.

கி.ரா. 1982இல் கரிசல் வட்டார வழக்குச் சொற்களுக்கு ஒரு அகராதியே போட்டிருந்தார். தனி ஆளாக முன்னின்று, நம் சனங்கள் பேசுகிற சொற்களைச் சேகரித்துப் பொருள் எழுதியது. நான் அதைப் பார்த்தது பத்து வருஷம் கழித்து. பார்த்த அன்றைக்கு எனக்கு அந்தப் பையனின் கட்டுரைதான் ஞாபகம் வந்தது. யோசித்துப் பாருங்கள். நெல் விளைந்தால் வயல். கிணற்றுப் பாசனம் இருந்தால் தோட்டம். வானம் பார்த்த மானாவாரிப் புஞ்சைக்கு நம் ஊரில் காடு. அவன் எழுதியது தப்பில்லாத தமிழ். அவன் அப்பாவுக்கு வயலே கிடையாது. நான் திருத்தியதுதான் தப்பு. நானும் சம்சாரி வீட்டுப் பெண்தான், என் அப்பாவும் காட்டுக்குத்தான் போனார். ஆனால் வீட்டுத் தெலுங்கையும் ஊர்த் தமிழையும் வெளியே காட்டிக்கொள்ளக் கூடாது என்று பயிற்சிப் பள்ளியிலேயே பழகிக்கொண்டேன். அதையே உங்களுக்கும் பழக்கினேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன், இல்லை, அவர், மகள் கல்யாணப் பத்திரிகையோடு வீட்டுக்கு வந்தார். காபி கொடுத்துவிட்டு, விவசாயம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "காட்டுல மக்காச்சோளம் போட்டிருக்கேன் டீச்சர், பன்னித் தொல்லைதான் தாங்க முடியல" என்றார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "வயல்ல டீச்சர்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிக்க முடியவில்லை. நாற்பத்தைந்து வயது தாண்டிய மனிதர், தன் நிலத்தின் பெயரைச் சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்கிறார். "காடுதாம்ப்பா சரி. நான்தான் அன்னைக்குத் தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன். அவருக்கு அந்தச் சம்பவம் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இதை வாசிப்பீர்கள் என்று நினைக்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

என் பேத்தி படிக்கும் நாட்டில் கதை வேறுமாதிரி. அங்கே பெரும்பாலான வீடுகளில் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள். அவர்களுடைய பழைய மொழியான ஐரிஷைப் பள்ளிக்கூடத்தில் பாடமாக வைத்துக் கற்றுக்கொடுக்கிறார்கள். என் பேத்தியும் படிக்கிறாள். பேச்சில் தேய்ந்துபோன மொழியைப் பள்ளிக்கூடத்தை வைத்துத் திரும்பக் கொண்டுவரப் பாடுபடுகிறார்கள். நானோ பிள்ளைகள் வாயில் உயிரோடு இருந்த சொல்லைப் பள்ளிக்கூடத்தை வைத்து அடித்தேன்.

பேரப்பிள்ளைகளுக்கு என்ன வாங்கிக்கொடுக்கலாம் என்று கேட்பவர்களுக்கு: கி.ரா. சிறுவர்களுக்காக எழுதிய 'பிஞ்சுகள்' என்ற குறுநாவல் இருக்கிறது. கரிசல் காடும் பறவைகளும் ஒரு சிறுவனும். வாசித்துக்காட்டினால் எட்டு வயதுப் பிள்ளைக்கும் புரியும். 'கதவு' சிறுகதை பெரியவர்களுக்கு எழுதியதுதான், ஆனால் அதில் பிள்ளைகள்தான் எல்லாம். கதவில் ஏறி ஆடி விளையாடுகிற பிள்ளைகள். தீர்வை பாக்கிக்காக அந்தக் கதவையே கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். பஞ்ச காலத்தில் ஏழை வீட்டில் வரி என்பது என்ன செய்யும் என்பதை நான் எத்தனையோ வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். அந்தக் கதை ஐந்தாறு பக்கத்தில் சொன்ன அளவுக்கு நான் சொன்னதில்லை. பெரியவர்களுக்கு 'கோபல்ல கிராமம்'. அவர் சேகரித்த 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்ற நாட்டுப்புறக் கதைத் தொகுப்பும் உண்டு. அதைப் பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், நான் சொல்லிவிட்டேன்!

ஓய்வு பெற்றும் வீட்டுப்பாடம் கொடுக்கிற பழக்கம் போகவில்லை. ஒன்றே ஒன்று கொடுக்கிறேன். உங்கள் வீட்டில் எண்பது வயதுக்கு மேல் யாராவது இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து, எங்கிருந்து வந்தோம் என்று கேளுங்கள். தெலுங்கு வீடோ, தமிழ் வீடோ, எந்தத் தெருவோ, எந்தச் சாமியோ, எல்லோருக்கும் ஒரு கதை இருக்கும். தாது வருஷப் பஞ்சத்தில் வந்தவர்கள் இருக்கலாம், சண்டைக்குப் பயந்து வந்தவர்கள் இருக்கலாம். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். ஊர்ப் பெயர், ஆற்றின் பெயர், சாமியின் பெயர் எதுவானாலும் அவர்கள் சொல்கிற மாதிரியே எழுதிவையுங்கள், திருத்தாதீர்கள். மரம் வளைந்தது என்றால், வளைந்தது என்றே எழுதுங்கள். உண்மையா பொய்யா என்று பிறகு ஆராயலாம். அதற்கு முதலில் அவர்கள் சொல்லியிருக்க வேண்டும்.

பேத்திக்கு என்ன பதில் சொன்னேன் என்று கேட்பீர்கள். "ஊர்ப் பெயர் அவ்வாவுக்கு மறந்துபோச்சும்மா" என்றுதான் சொன்னேன். பிறகு மரம் வளைந்த கதையையும், மாட்டை அவிழ்த்துவிட்ட கதையையும் தெலுங்கில் சொன்னேன். பாதிக்கு மேல் அவளுக்குப் புரியவில்லை. இருந்தாலும் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "அந்த சினைமாடு ஆறு தாண்டுச்சா இல்லையா?" என்று கேட்டாள்.

அதை நான் என் அவ்வாவிடம் ஒருநாளும் கேட்கவில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
விளாத்திகுளம்.